கையொப்பத்திற்கு மேலே என்ன?

துண்டுத் தாள் ஒன்று. உள்ளங்கை அகலம்கூட இல்லை. பழுப்பேறி, ஓரம் நைந்து, மடித்த இடத்தில் கிழிந்து கிடக்கிறது. அதிலே கவிதை இல்லை, கணக்கு இல்லை, கண்டுபிடிப்பின் குறிப்பும் இல்லை. ஒரு பெயர் மட்டும் இருக்கிறது. வாளேந்திய ஒருவன், வாளைக் கீழே வைத்துவிட்டு, இறகை மையில் தோய்த்து, ஒரு நொடியில் கிறுக்கிவிட்டுப் போன பெயர். அந்தக் கிறுக்கலுக்கு இலண்டன் ஏலக் கூடங்களிலே விலை கூறுகிறார்கள். போட்டி போட்டுக் கேட்கிறார்கள். வென்றவர் வீட்டுக்குக் கொண்டுபோய்க் கண்ணாடிச் சட்டமிட்டு மாட்டுகிறார். வருவோர் போவோரிடமெல்லாம் வாய் நிறையச் சொல்லுகிறார்: "இது வெலிங்டன் தொட்ட தாள்! இது நெல்சன் கைபட்ட எழுத்து!"

பிரிட்டிஷ் படைத்தலைவர்களின் கையொப்பங்களைத் திரட்டி வைப்போரைப் பற்றிப் பேசுகிறோம்.

"இதிலே உங்களுக்கு என்ன வந்தது?" என்று கேட்பர் நண்பர் சிலர். "அவன் காசு, அவன் சுவர், அவன் சட்டம். அஞ்சல் தலை சேர்ப்பவன் இல்லையா? பழங்காசு சேர்ப்பவன் இல்லையா? அதுபோல இதுவும் ஒரு பொழுதுபோக்கு. பொழுதுபோக்கிலே போய்ப் பகுத்தறிவைத் தேடுவானேன்?"

பொழுதுபோக்குத்தான், மறுக்கவில்லை. ஆனால், ஒருவன் உள்ளத்திலே எது உயர்ந்து நிற்கிறது என்பதை அவன் செய்யும் தொழிலைவிட அவன் தேடும் ஓய்வே தெளிவாகக் காட்டும். தொழில் வயிற்றுக்காகச் செய்வது. ஓய்விலே செய்வது விருப்பத்தால் செய்வது. விருப்பம் எங்கே வணங்குகிறதோ, அங்கே தான் மனிதனுடைய கோயில் இருக்கிறது. கல்லாலான கோயிலை மட்டும் கேள்வி கேட்டுவிட்டு, கண்ணாடிச் சட்டத்துக்குள்ளே இருக்கும் கோயிலைக் கண்டும் காணாதது போல் போவது பகுத்தறிவுக்கு அழகாகாது. ஆகவே கேட்போம்: ஒரு பெயரைக் காசு கொடுத்து வாங்குகிறவன், உண்மையிலே எதை வாங்குகிறான்?

முதலில் இந்தப் பழக்கத்தின் நல்ல பக்கத்தைச் சொல்லிவிடுவோம். எதிராளியின் பெருமையை மறைத்து வாதாடுவது நமக்கு வழக்கமில்லை. வில்லியம் அப்காட் என்று ஒருவர் இருந்தார். 1779-இல் பிறந்து 1845-இல் மறைந்தவர். இலண்டனில் நூலகராகப் பணிபுரிந்தவர். கையெழுத்துக் கடிதங்களை 32,000 அளவுக்குத் திரட்டியவர் என்று அவரைப் புகழ்வார்கள். 17-ஆம் நூற்றாண்டின் நாட்குறிப்பாளர் ஜான் ஈவ்லின் எழுதி வைத்திருந்த ஏடுகள் 1818-இல் அச்சேறி உலகுக்குக் கிடைத்ததிலே இந்த அப்காட்டுக்குப் பங்கு உண்டு. பரணிலே கிடந்து பாழாக இருந்த தாளை எடுத்துப் பாதுகாத்தவன் வரலாற்றுக்குத் தொண்டு செய்தவனே. அவனுக்கு நமது நன்றி.

ஆனால், அந்த நல்ல விளக்கின் அடியிலேயே இருளும் இருந்தது. கத்தரிக்கோல் வந்தது! கடிதம் நீளமாக இருக்கிறது, ஏட்டிலே ஒட்ட இடம் போதாது. கடிதத்திலே என்ன எழுதியிருக்கிறது என்பதிலே அக்கறையும் கிடையாது. வேண்டியதெல்லாம் அடியிலே இருக்கும் பெயர். எனவே பெயரை மட்டும் வெட்டி எடுத்துக்கொண்டு மற்றதைக் குப்பையிலே போட்டார்கள். அந்நாளில் பிரிட்டிஷ் நாடாளுமன்ற உறுப்பினர்களும் பிரபுக்களும் கட்டணமின்றி அஞ்சல் அனுப்பலாம். உறையின் மேல் தம் பெயரை எழுதினால் போதும். 1840-இல் அந்தச் சலுகை ஒழிந்தது. அதுவரை அப்படி வந்த உறைகளின் முகப்பை வெட்டி வெட்டி ஏடுகளிலே ஒட்டினார்கள் செல்வர் வீட்டுப் பிள்ளைகள். பிரபுப் பட்டம் பெற்ற தளபதிகளின் பெயர்களும் அப்படித்தான் ஏடேறின. உள்ளே இருந்த கடிதம் எங்கே? யாருக்குத் தெரியும்! பெயர் பிழைத்தது; செய்தி செத்தது. இன்றும் விற்பனைப் பட்டியல்களிலே 'வெட்டி எடுத்த கையொப்பம்' என்றே ஒரு தனி இனம் உண்டு.

தோழர்களே, இங்கே சற்று நிற்போம். போர் பற்றி ஒரு தளபதி எழுதிய கடிதம் இருக்கிறது. எத்தனை பேர் செத்தனர், ஏன் செத்தனர், எவன் ஆணையால் செத்தனர் என்று அதிலே இருக்கலாம். ஊரைக் கொளுத்தச் சொன்ன கட்டளை இருக்கலாம். பசித்த வீரனுக்கு உணவு கேட்ட விண்ணப்பம் இருக்கலாம். அவ்வளவையும் வெட்டி எறிந்துவிட்டு, அடியிலே இருக்கும் நாலெழுத்தை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொள்வதற்கு என்ன பெயர்? நம் நாட்டிலே அதற்குப் பெயர் உண்டு. அரசன் காட்டிலே இருக்க, அவன் செருப்பை அரியணையிலே ஏற்றிய கதையை நாம் அறிவோம். பாதுகைக்கு முடி சூட்டி, பாதுகையின் பெயரால் பதினான்கு ஆண்டு நாட்டை ஆண்டதாகச் சொல்லும் கதை! அந்தக் கதையை நாம் கேலி செய்கிறோம். செருப்பா சிந்திக்கும், செருப்பா நீதி சொல்லும் என்று கேட்கிறோம். இலண்டன் சீமானின் சுவரிலே தொங்கும் துண்டுத் தாளுக்கும் அயோத்தி அரியணையிலே அமர்ந்த செருப்புக்கும் என்ன வேறுபாடு? ஒன்று காலில் பட்டது. மற்றொன்று கையில் பட்டது. அவ்வளவே!

"செருப்பு வேறு, எழுத்து வேறு, எழுத்திலே அந்த மனிதனுடைய உயிர்த்துடிப்பு இருக்கிறது" என்பார்கள். உயிர்த்துடிப்பா? எடின்பரோ நகரிலே 1893-இல் ஒரு வழக்கு நடந்தது. 'பழம்பொருள் சிமித்' என்று ஊரார் பட்டப்பெயர் சூட்டிய ஒருவன், கவிஞர் பர்ன்சு, எழுத்தாளர் வால்ட்டர் சுகாட், அரசி மேரி என்று பெரியவர்களின் கையெழுத்தையெல்லாம் தானே எழுதித் தள்ளினான், தாராளமாக விற்றான். பிடிபட்டு 12 மாதம் சிறை சென்றான். அவன் பிடிபடும் வரையிலே அந்தப் போலித் தாள்களை வாங்கியவர்களுக்கு மெய் சிலிர்க்கவில்லையா? பர்ன்சின் உயிர்த்துடிப்பை அவற்றிலே உணரவில்லையா? உணர்ந்தார்கள்! போலி என்று தெரிந்த மறுநாள் துடிப்பு நின்றுவிட்டது. தாள் அதேதான், மையும் அதேதான், மாறியது எது? நம்பிக்கை. சிலிர்ப்பு தாளிலே இல்லை, பார்க்கிறவன் தலையிலேதான் இருந்தது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ? வீபூதியிலே மணம் வருகிறது, சிலையிலே வியர்வை வருகிறது என்போரிடம் நாம் சொல்வதும் இதைத்தானே!

ஆகவே, கையொப்பம் தொட்டுக் கும்பிடும் பொருள் அன்று. பிறகு என்ன அது? இங்கேதான் நாம் சொல்ல வந்ததன் உயிர்நிலை இருக்கிறது.

கையொப்பம் என்பது பொறுப்பு. 'இதைச் சொன்னவன் நான். இதற்கு விடை சொல்ல வேண்டியவனும் நான்' என்று ஒருவன் உலகுக்கு எழுதிக் கொடுக்கும் வாக்கு. வாயால் சொன்னதை மறுக்கலாம். காற்றோடு போயிற்று என்று கைவிரிக்கலாம். கையொப்பமிட்டதை மறுக்க முடியாது. செயலையும் செய்தவனையும் சேர்த்துக் கட்டும் கயிறு அது. அந்தக் கயிற்றை வெட்டி, செய்தவன் பெயரை மட்டும் தங்கச் சட்டத்திலே ஏற்றுவது எதிலே போய் முடியும்? செயலிலிருந்து அவனை விடுதலை செய்வதிலேதான் முடியும்!

எடுத்துக்காட்டு வேண்டுமா? இலண்டன் செல்சி பகுதியிலே தேசியப் படை அருங்காட்சியகம் இருக்கிறது. அதன் சேர்ப்பிலே ஒரு சிறு தாள் உண்டு. மையால் எழுதியதுகூட அன்று. பென்சிலால் அவசரமாகக் கிறுக்கியது. நாள், 1854 அக்டோபர் 25. இடம், கிரிமியாவிலே பாலக்ளாவா. பிரிட்டிஷ் படைக்குத் தலைமை தாங்கிய ராக்லன் பிரபு குன்றின் மேல் இருந்தார். கைப்பற்றிய பீரங்கிகளை ருசியர்கள் இழுத்துச் செல்வதாக அவருக்குத் தெரிந்தது. குதிரைப்படை விரைந்து முன்னேறித் தடுக்க வேண்டும் என்று சொன்னார். பக்கத்திலே இருந்த ஏரி என்னும் அதிகாரி அதை எழுதிக் கையொப்பமிட்டார். நோலன் என்னும் கேப்டன் குதிரையிலே பறந்து சென்று, பள்ளத்தாக்கிலே நின்ற லூக்கன் பிரபுவிடம் கொடுத்தார்.

குன்றின் மேல் நின்றவர் கண்ணுக்குத் தெரிந்த பீரங்கி, பள்ளத்தாக்கிலே நின்றவர் கண்ணுக்குத் தெரியவில்லை. எந்தப் பீரங்கி என்று தாளிலே இல்லை. லூக்கன், தமக்குக் கீழே இருந்த கார்டிகன் பிரபுவுக்கு ஆணையிட்டார். ஏறத்தாழ 670 குதிரை வீரர்கள், முன்னும் பக்கத்திலும் பீரங்கிகள் வாய் பிளந்து நின்ற பள்ளத்தாக்கினுள்ளே நேராகப் பாய்ந்தார்கள். சில நிமிடங்களிலே ஏறத்தாழ 110 பேர் மாண்டார்கள். முதலிலே வீழ்ந்தவர்களுள் ஒருவர், தாளைக் கொண்டு வந்த நோலனே! செத்தவர்களைக் கவிஞர் டென்னிசன் பாடினார். பள்ளிப் பிள்ளைகள் ஒப்பித்தார்கள். அழிவை வீரமென்று மாற்றிவிட்டது பாட்டு.

ஆனால், அந்தத் தாள்? அதை லூக்கன் கிழித்தெறியவில்லை, பத்திரமாக வைத்துக்கொண்டார். குற்றம் உன்னுடையது என்று ராக்லன் அவர் மேல் பழி போட்டபோது, பிரபுக்கள் அவையிலே அந்த ஆணையைக் காட்டி வாதாடினார். ஏரியை நோக்கியும், ராக்லனை நோக்கியும், லூக்கனையும் கார்டிகனையும் நோக்கியும் உலகம் கேள்வி கேட்க முடிந்தது. இன்றும் கேட்கிறது. ஏன் முடிந்தது? பெயர் மட்டுமல்ல, பெயருக்கு மேலே இருந்த ஆணையும் பிழைத்திருப்பதால்! திரட்டுவோன் ஒருவன் கையிலே அந்தத் தாள் அன்றே சிக்கி, அடியிலே இருந்த ஏரியின் பெயரை மட்டும் அவன் வெட்டி எடுத்திருந்தால்? சுவருக்கு ஓர் அணிகலன் கிடைத்திருக்கும். மாண்ட வீரர்களின் வழக்குக்குச் சான்று செத்திருக்கும்.

இன்னொன்றையும் இங்கே சொல்ல வேண்டும். ஆணையிட்டுக் கையொப்பமிடும் உரிமை இவர்களுக்கு எப்படி வந்தது? அறிவினாலா, ஆற்றலினாலா? குதிரைப்படை, காலாட்படைப் பதவிகளைக் காசுக்கு விற்றார்கள் அந்த நாட்டிலே! லூக்கனும் கார்டிகனும் பெரும்பொருள் கொட்டித் தத்தம் படைப்பிரிவின் தலைமையை வாங்கியவர்கள். 1871 வரையிலே அந்த விற்பனை நடந்தது. பிறப்பாலே சிலர் உயர்ந்தோர் என்ற கொடுமையை நாம் இந்த நாட்டிலே காண்கிறோம். பிறப்போடு பணமும் சேர்ந்து உயிர்களின் மேல் அதிகாரம் வாங்கிய கொடுமையை அங்கே காண்கிறோம். சாதி என்ற பெயர் இல்லை; சாதியின் வேலை நடந்தது.

அவர்களுடைய ஆணையைக் கேட்டு மாண்டவர்களோ? உழவர் வீட்டுப் பிள்ளைகள், நெசவுத் தொழிலாளியின் பிள்ளைகள், பஞ்சம் துரத்திய அயர்லாந்து ஏழைகள். 1840-ஆம் ஆண்டையொட்டி இங்கிலாந்திலே மணப் பதிவேட்டில் பெயரெழுதத் தெரியாமல் குறி மட்டும் இட்ட ஆண்கள் மூவருக்கு ஒருவர். பெண்களிலே ஏறத்தாழப் பாதிப்பேர். தொடக்கக் கல்விக்கான சட்டம் 1870-இலேதான் வந்தது. படையிலே சேர வந்த ஏழை, சேர்க்கைத் தாளின் அடியிலே ஒரு பெருக்கல் குறி போட்டான். பக்கத்திலே எழுத்தர், 'இது இன்னாருடைய குறி' என்று எழுதினார். நம் நாட்டுக் கைநாட்டுக்கு உடன்பிறப்பு அது. தன் உயிரையே எழுதிக் கொடுத்த குறி! உலகிலே அதைவிட விலையுயர்ந்த கையொப்பம் உண்டா? ஆனால், அந்தக் குறியை எந்தச் சீமான் சட்டமிட்டு மாட்டினான்? பெருக்கல் குறிக்கு ஏலத்திலே மதிப்பில்லை. சாகச் சொன்னவனின் கிறுக்கலுக்கு விலை. செத்தவனின் கீறலுக்கு விலையில்லை. இதுதான் அந்தப் பொழுதுபோக்கின் நீதி நூல்!

கையொப்பத்தை வணங்காமல் படித்தால் எவ்வளவு தெரியும் என்பதற்கு நெல்சனைப் பார்ப்போம். கடற்படைத் தலைவர் நெல்சன் 1797-இல் டெனரீப் தீவின் சாந்தா குரூசு தாக்குதலிலே வலக்கையை இழந்தார். அதற்குமுன் வலக்கையால் எழுதியவை ஒருவிதம். பின் இடக்கையால் எழுதியவை மற்றொரு விதம். வலக்கை எழுத்து அரிது, ஆகவே விலை மிகுதி என்று கணக்குப் போடுவார்கள் திரட்டுவோர். பிற்காலக் கையொப்பத்திலே 'நெல்சன்' என்பதோடு 'பிரான்டே' என்று ஒரு சொல்லும் சேர்ந்திருக்கும். அதைக் கண்டால் அவர்களுக்கு ஆனந்தம். அது என்ன சொல் என்று கேட்டால், சிசிலியிலே அவர் பெற்ற கோமகன் பட்டம் என்பார்கள். யார் கொடுத்தது? எதற்குக் கொடுத்தது? அங்கே பேச்சு நின்றுவிடும்.

நாம் சொல்வோம். 1799-இல் நேப்பிள்சு நகரத்து மக்களுள் கற்றோரும் சிந்தனையாளரும் மன்னராட்சியை ஒழித்துக் குடியரசு கண்டார்கள். ஐந்தே திங்கள் அது நிலைத்தது. மன்னன் பெர்டினாண்டு மீண்டான். அவனுக்குத் துணையாகக் கப்பல்களோடு வந்தவர் நெல்சன். குடியரசின் பக்கம் நின்ற கடற்படைத் தலைவர் கராச்சியோலோ, நெல்சனின் கப்பலிலேயே விசாரிக்கப்பட்டார். கால அவகாசம் கேட்டார், மறுத்தார் நெல்சன். தீர்ப்பு வந்த அன்றே, அந்த ஜூன் திங்களிலே, கப்பலின் பாய்மரக் கட்டையிலே அவரைத் தூக்கிலிட்டு உடலைக் கடலிலே எறிந்தார்கள். மன்னன் மகிழ்ந்தான், அதே ஆண்டிலே 'பிரான்டே' பட்டம் வந்தது. முடியாட்சிக்கு உயிர் கொடுத்ததற்கான கூலி அந்தச் சொல்! நெல்சன் அஞ்சா நெஞ்சர் என்பதையும், 1805-இல் டிரபால்கரில் தம் நாட்டுக்காக உயிர் விட்டார் என்பதையும் நாம் மறுக்கவில்லை. கையொப்பத்தின் முதற் சொல்லைப் போற்றுகிறவன் இரண்டாம் சொல்லின் பொருளையும் தெரிந்துகொள்ள வேண்டும் என்கிறோம். அவ்வளவுதான்.

நம் காலத்துக்கு அருகே வருவோம். பீல்டு மார்ஷல் ஹெய்க். முதல் உலகப் போரிலே, 1915 திசம்பர் முதல் பிரான்சிலிருந்த பிரிட்டிஷ் படைகளின் தலைவர். 1916 ஜூலை முதல் நாள் சோம் போர் தொடங்கியது. அந்த ஒரே நாளிலே 57,470 பேர் அடிபட்டும் காணாமற்போயும் மாண்டும் ஒழிந்தனர். அவர்களுள் மாண்டவர் 19,240 பேர். அவருடைய கையொப்பமிட்ட படங்களும் நன்றி மடல்களும் விற்பனைக்கு வருகின்றன, வாங்குகிறார்கள். ஆனால், அதே கை கையொப்பமிட்ட வேறு தாள்களும் உண்டு. போர்க்களத்திலே ஓடினான், அஞ்சினான் என்று ஒரு சிப்பாய்க்குப் படை மன்றம் சாவுத் தண்டனை விதித்தால், அதை உறுதி செய்யக் களத்தின் தலைமைத் தளபதி கையொப்பமிட வேண்டும். 1914 முதல் 1920 வரையிலே பிரிட்டிஷ் படையிலே அவ்விதம் 3,080 பேருக்குச் சாவுத் தண்டனை விதித்தார்கள். பெரும்பாலோருக்குத் தண்டனை குறைந்தது. 346 பேருக்குக் குறையவில்லை.

பத்தொன்பது வயது, இருபது வயதுப் பிள்ளைகள் அவர்களுள் உண்டு. குண்டு முழக்கத்திலே மூளை கலங்கி நின்றவர்கள் உண்டு. விடியற்காலையிலே கண்ணைக் கட்டிக் கம்பத்திலே பிணைத்துத் தன் தோழர்களைக் கொண்டே சுட்டுக் கொல்ல வைத்தார்கள். அந்த வழக்குத் தாள்களை 75 ஆண்டு பூட்டி வைத்தது அரசு. தளபதியின் நன்றி மடல் கூடத்திலே தொங்கியது. அவர் உறுதி செய்த சாவுத் தாள் இருட்டறையிலே கிடந்தது. கையொப்பம் ஒன்றே! ஒன்றுக்கு ஒளி, மற்றொன்றுக்கு இருள். பின்னர் பூட்டுத் திறந்தது. மகன் பெயர் நினைவுத் தூணிலே இல்லையே என்று தலை குனிந்திருந்த குடும்பங்களின் வழித்தோன்றல்கள் தாள்களைப் படித்தார்கள், வாதாடினார்கள். 2001-இல் ஸ்டாபோர்டுஷயரிலே 306 கம்பங்கள் நட்டு, கண் கட்டிய இளைஞன் ஒருவனின் சிலையும் வைத்தார்கள். 2006-இல் நாடாளுமன்றம் சட்டம் இயற்றி அந்த 306 பேருக்கும் மன்னிப்பு வழங்கியது. தொண்ணூறு ஆண்டு கழித்துக் கிடைத்த நீதி! அந்த நீதியைக் கொண்டு வந்தது எது? கையொப்பத்தின் அழகைக் கண்டு சொக்கிய கண்களா? கையொப்பத்துக்கு மேலே என்ன இருக்கிறது என்று படித்த கண்கள் அல்லவா!

"அப்படியானால், எல்லாவற்றையும் கொளுத்திவிடலாம் என்கிறீர்களா?" என்று சிலர் சினந்து கேட்கக்கூடும். இல்லை. கொளுத்துவதும் வணங்குவதும் ஒரே நோயின் இரு முகங்கள், இரண்டும் படிப்பதில்லை. இதற்கு வழிகாட்ட நம் சென்னையே சான்று தரும். 1857-இலே அலகாபாத்திலும் கான்பூரிலும் தூக்கு மரங்களை நட்டவர் நீல் என்னும் படைத்தலைவர். சென்னைப் படைப்பிரிவைச் சேர்ந்தவர். கான்பூரிலே ஆங்கிலப் பெண்களையும் குழந்தைகளையும் கொன்றது கொடுமைதான். அதற்காக, பிடிபட்டவர்களைத் தூக்கிலிடும் முன் குருதிக் கறையைத் துடைக்க வைத்து இழிவு செய்யுமாறு எழுத்தாலேயே ஆணையிட்டவர் நீல். அவருக்குச் சென்னை மவுண்ட் ரோட்டிலே 1861-இல் சிலை வைத்தார்கள். 1927-இலே இளைஞர்கள் அதை எதிர்த்துச் சிறை புகுந்தார்கள். 1937-இலே சிலையைப் பெயர்த்து அருங்காட்சியகத்துக்கு அனுப்பினார்கள். உடைக்கவில்லை, தூளாக்கவில்லை. மேடையிலிருந்து இறக்கிக் காட்சிக்கூடத்திலே நிறுத்தினார்கள். மேடையிலே இருந்தபோது அது 'வணங்கு' என்றது. கூடத்திலே நிற்கும்போது 'விசாரி' என்கிறது. கையொப்பத்துக்கும் அந்த இடமாற்றம்தான் வேண்டும்.

அதே சென்னையிலே, தீவுத்திடலுக்கு அருகே குதிரை மீது மன்றோ அமர்ந்திருக்கிறார். அவரும் படை அதிகாரியாக வந்தவரே; 1820 முதல் 1827 வரை சென்னை மாநில ஆளுநர். குதிரைக்குச் சேணம் உண்டா, இல்லையா என்று ஊரெல்லாம் கதை பேசும். ஆனால், 1824 திசம்பர் 31-ஆம் நாளிட்டு அவர் எழுதிய நீண்ட குறிப்பிலே, இந்நாட்டாரை உயர் பதவிகளிலிருந்து ஒதுக்கி வைப்பது அவர்களை இழிவுபடுத்துவது ஆகும் என்று வாதாடினாரே, அதைப் படித்தவர் எத்தனை பேர்? ஆதிக்கத்தின் ஆள்தான் அவர். ஆயினும் அந்தத் தாளின் அடியிலே இருக்கும் பெயருக்கு மதிப்புத் தரலாம். ஏன்? மேலே இருக்கும் கருத்துக்காக! நீலின் பெயரும் மன்றோவின் பெயரும் ஏலப் பட்டியலிலே ஒரே வரிசையில் நிற்கலாம். அறிவின் தராசிலே ஒரே தட்டில் நில்லா.

இவ்வளவும் இங்கிலாந்துக்காரனுக்கு மட்டும் சொன்னதன்று. தோழர்களே, நம் மாநாட்டுப் பந்தலையும் சற்றுத் திரும்பிப் பாருங்கள். சொற்பொழிவு முடிந்ததும் மேடையை மொய்த்த கூட்டத்தைத் தமிழகம் கண்டிருக்கிறது. அவர் பேசியது என்ன என்று கேட்டால் விழிப்பார்கள். அவர் கையொப்பம் எங்கே என்று கேட்டால் ஏட்டை விரிப்பார்கள். இன்று ஏடு போய்விட்டது, செல்பேசி வந்திருக்கிறது. தலைவர் பக்கத்திலே நின்று எடுத்த படம், பழைய கையொப்பத்தின் இடத்திலே அமர்ந்திருக்கிறது. கருவி மாறியது, கும்பிடு மாறவில்லை.

பெரியாரிடம் கையொப்பம் கேட்டுப் போனால், அவர் அதற்குக் காசு கேட்பார் என்பது நாடறிந்த செய்தி. கஞ்சத்தனம் என்று சிலர் சிரித்தார்கள். நமக்கு அப்படித் தோன்றவில்லை. காணிக்கை என்று கண்ணில் ஒற்றி வாங்க நினைத்தவனிடம் விலை பேசி விற்றபோது, அந்தத் தாளின் தெய்வத்தன்மை அங்கேயே தொலைந்தது. கடையிலே வாங்கும் சரக்கைக் கும்பிடுவார் யார்? காசு இயக்கத்துக்குப் பயன்பட்டது. பாடம் கேட்டவனுக்குப் பயன்பட்டது. தம் பெயரையே வழிபாட்டிலிருந்து காத்துக்கொண்ட தலைவர் அவர்.

எனவே, இளைஞனே, சேர்க்க விரும்பினால் சேர்! பழந்தாளைப் பாதுகாப்பது நல்ல பணி. ஆனால், கத்தரிக்கோலைத் தூர எறி. முழுத் தாளையும் வை. முழுத் தாளையும் படி. யார் எழுதினான் என்பதோடு நில்லாதே. என்ன எழுதினான், யார்க்கு எழுதினான், அந்த எழுத்தால் எவன் வாழ்ந்தான், எவன் வீழ்ந்தான் என்று கேள். பெரிய பெயரின் பக்கத்திலே சிறிய பெருக்கல் குறி ஒன்று இருக்கிறதா என்று தேடு. அதற்குச் சொந்தக்காரனின் பெயரைக் கண்டுபிடித்து எழுதி வை. வெலிங்டனுடைய தாள்கள், ஏறத்தாழ ஒரு நூறாயிரம், சவுத்தாம்ப்டன் பல்கலைக்கழகத்திலே இருக்கின்றன. யார் வேண்டுமானாலும் சென்று அவற்றை ஆராயலாம். அங்கே அவை சட்டத்துக்குள் தொங்கவில்லை. மேசை மேல் விரிகின்றன. அந்த மேசைதான் நாம் விரும்பும் இடம்.

நாளை உன்னிடமும் ஒரு தாள் வரும். அலுவலகத்திலே வரலாம், ஊராட்சியிலே வரலாம், சங்கத்திலே வரலாம். ஒருவன் நிலத்தைப் பற்றியதாக இருக்கும். ஒருத்தியின் வேலையைப் பற்றியதாக இருக்கும். அடியிலே உன் பெயருக்கு இடம் விட்டிருப்பார்கள். அப்போது உன் கையொப்பம் அழகாக இருக்கிறதா என்று பார்க்காதே. அதற்கு மேலே என்ன எழுதியிருக்கிறது என்று பார். படித்துவிட்டுப் போடு, போட்டதற்கு விடை சொல்ல நிமிர்ந்து நில்!